ஐந்தரை மணி நேரம்

லாமிங்டன் ரோட்டில் நாலாயிரத்துக்கு வாங்கிய
பழைய டப்பா.
ஏதோ ஒரு வங்கியின் மேசைக்கடியில் கிடந்திருக்க வேண்டும்,
பக்கவாட்டில் இன்னும் சொத்து எண் ஒட்டியிருந்தது.
இசக்கியம்மாளின் மாவு கிரைண்டருக்கு மேலே
பலகை அடித்து ஏற்றிவைத்தேன்.
கீழே அரிசி அரைபடும்போதெல்லாம்
திரையும் சேர்ந்து நடுங்கும்.

தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால்
நாற்பத்தோரு பேர் போடும் சீட்டு.
விடிவதற்குள் இட்லி அண்டாவைக் கட்டிக்கொண்டு
மாஹிம், மாட்டுங்கா, பாந்த்ரா என்று
பிரிந்துபோகிறவர்கள்.
போன ஜூலையில் கணக்கு நோட்டுக்குள் தண்ணீர் புகுந்து
யார் எவ்வளவு என்பது
ஒரே நீலமாகிப் போனது.
அந்த மாதம் மனசாட்சியை வைத்துக் கூட்டினோம்.
பெட்டியில் இருந்ததைவிட
எட்டாயிரம் அதிகமாக வந்தது.

"ஏதாவது கம்பெனி ஆப்பில் போட்டுவிடலாமே" என்றான் செல்வின்.
"தலைக்கு எண்பது ரூவா.
அதுக்கும் மேல
நம்ம கடன எவனோ ஒக்காந்து பாப்பான்" என்றாள் இசக்கி.
அப்படித்தான் இந்த வேலை
என் தலையில் விழுந்தது.

மூன்று இரவுகள்.
அனுமதி மறுக்கப்பட்டது என்றது,
என் மெஷினில் எனக்கே.
டேட்டாபேஸுக்கு ஒரு பாஸ்வேர்டு,
அதையே இன்னொரு கோப்பில் இன்னொரு முறை.
ஒற்றை மேற்கோள்குறி விட்டுப்போனதற்கு
ஒன்றரை மணி நேரம்.
கேபிள்காரன் துபேயை போனில் பிடித்து
நானூற்று நாற்பத்து மூன்றைத் திறந்துவிடச் சொன்னேன்.
எந்த பில்டிங், எத்தனாவது மாடி
என்று கேட்டான்.

நாலாவது நாள்
முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் வந்தது.
கையைத் தட்டினேன்.
இசக்கி குனிந்து பார்த்துவிட்டு
"சாவி யாருகிட்ட?" என்றாள்.

ஒன்றாம் தேதி.
காலையில் கட்டியவர்கள் எல்லாரும் சிவப்பில்.
சாயங்காலம் கட்டிய செல்வின் மட்டும் பச்சை.
முத்துப்பேச்சி பெயருக்கு நேரே: கட்டவில்லை.
"ஏட்டி, அடுப்புப் பத்தவச்ச கையோட
ஒன் கண்ணு முன்னாலதான குடுத்தேன்?"
கொடுத்தாள்தான்.
ஐந்நூறு, இரண்டாக மடித்தது, மாவு ஒட்டியிருந்தது.
நான்தான் பதிந்தேன்.

தேடினேன்.
பணம் காணாமல் போகவில்லை.
போன மாதத்தில் உட்கார்ந்திருந்தது,
முப்பத்தொன்றாம் தேதி,
இரவு பத்து முப்பத்து நாலுக்கு.

அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
தாராவியில், கிரைண்டருக்கு மேலே இருந்துகொண்டு
டப்பா வேறு எங்கேயோ வாழ்ந்திருக்கிறது,
நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்.
வெயில் ஏறியபின் எழுகிறவர்களுக்கு
அதனால் ஒன்றுமில்லை.
நாலு மணிக்கு எழுந்தவர்களின் நாளைத்தான்
நேற்று என்று எழுதிக்கொண்டிருந்தது.

ஊர்ப் பட்டியலைத் திறந்தேன்.
மும்பை இல்லை.
மேலும் கீழுமாக இரண்டு முறை தேடினேன்,
பம்பாய் என்றும் இல்லை.
கல்கத்தா இருந்தது.
சரி, கல்கத்தா.
ஒரு வரி. சேமித்து, அணைத்துப் போட்டேன்.
சிவப்பு ஒவ்வொன்றாகப் பச்சையானது.

முத்துப்பேச்சி திரையைப் பார்க்கவில்லை.
அண்டா மூடியைக் கவிழ்த்துக் காட்டினாள்.
உள்பக்கம் ஆணியால் கீறிய கோடுகள்,
மாதத்துக்கு ஒன்று,
பிந்திய மாதத்துக்குக் குறுக்கே ஒரு சின்ன வெட்டு.
ஜூலை வெள்ளத்தில் அதுவும்தான் மிதந்திருக்கிறது.
"ஒன் பொட்டி மறந்துச்சுன்னா இத கேளு."

படம் எடுத்து அவள் கணக்கில் ஏற்றப்போனேன்.
கோப்பு பெரிது, ஏற்க இயலாது என்றது.
எல்லை எங்கே எழுதியிருக்கிறதென்று
மறுபடி கான்ஃபிக்கைத் திறந்தேன்.
மணி இரண்டரை, நம் மணி.
கீழே இசக்கி சுவிட்சைப் போட்டாள்.
எழுத்துகள் நடுங்கத் தொடங்கின.